சூப்பர் ஹீரோ தொடர்களை வைத்துப் பிள்ளைகளிடம் எதைப் பேசலாம்?

கேள்வி (ரோஸ் ஹில், மொரீஷியஸ்):
வணக்கம். சனிக்கிழமைகளில் கோவில் கூடத்தில் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டில் கிரியோல் பேசும் என் மாணவர்கள், சூப்பர் ஹீரோ தொடர்களைப் பற்றிக் கேட்டால் மட்டுமே தமிழில் வாய் திறக்கிறார்கள். அறிவுரையாக ஒலிக்காமல் பேசுவதற்கு ஏற்ற அத்தியாயங்கள் எவை?

மறுமொழி 1:
அம்மா, 2014இல் தொடங்கிய 'தி ஃபிளாஷ்' தொடரைப் பாருங்கள். முதற்பருவத்தின் இறுதி அத்தியாயத்தில், காலத்தில் பின்னோக்கி ஓடிச் செல்லும் நாயகன் பேரி ஆலன், தன் தாய் கொல்லப்படும் இரவில் தடுக்க வல்லவனாக நின்றும் தடுக்காமல், உயிர் பிரியும் வேளையில் அவர் அருகில் அமர்ந்து விடைபெறுகிறான். இரண்டாம் பருவத்தின் முடிவிலோ மனம் பொறுக்காமல் காப்பாற்றிவிடுகிறான். அதனால் மாறிப்போன எல்லாவற்றையும் பிறகு பழையபடி மாற்ற முயன்றபோதும், நண்பன் சிஸ்கோவின் அண்ணன் உயிருடன் இல்லை. "அம்மாவைக் காப்பாற்றுவது தப்பா?" என்று என் மகன் கேட்டான். எனக்குச் சட்டென்று விடை வரவில்லை; சோறு ஆறிப்போனது.

மறுமொழி 2:
நேரடி அறிவுரையும் வீண்போவதில்லை என்பேன். 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' தொடரில், கதை முடிந்ததும் நாயகனே குழந்தைகளிடம் நல்ல பழக்கங்களைப் பற்றிப் பேசுவார். 1966இல் வந்த 'பேட்மேன்' தொடரில், வில்லனைத் துரத்தும் அவசரத்திலும் காரில் இருக்கைப் பட்டையை அணியுமாறு தன் இளம் துணைவன் ராபினுக்கு பேட்மேன் நினைவூட்டுவார். இன்று அது சிரிப்பை வரவழைத்தாலும், சிரித்த பிள்ளை அதை மறப்பதில்லை.

கேட்டவர்:
நன்றி, ஐயா. உங்கள் மகனின் கேள்வியையே வரும் சனிக்கிழமை கரும்பலகையில் எழுதிவைக்கிறேன்.