வெற்றிட அழுத்தத்தில் பலகையின் ஓரம் மட்டும் மங்குவது ஏன்?

கேள்வி:
பூச்சிட்ட அலுமினியத் தகட்டின் மேல் சப்ளிமேஷன் மையில் (சூட்டில் ஆவியாகிப் படியும் மை) அச்சிட்ட தாளை வைத்து, வெற்றிட அழுத்த இயந்திரத்தில் 200 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் சூடேற்றுகிறேன். நடுப்பகுதி பளிச்சென்று வருகிறது. ஓரத்து எழுத்துகளில் மட்டும் இரட்டை நிழலும் வெளிறிய திட்டுகளும் தெரிகின்றன. எங்கே தவறுகிறது?

மறுமொழி 1:
இரட்டை நிழலுக்குக் காரணம் தாள் நகர்வதுதான். உலர்ந்த மை சூட்டில் திரவமாகாமல் நேரே ஆவியாகி, பாலியெஸ்டர் பூச்சுக்குள் புகுந்து தங்குகிறது; சூடு தணிவதற்குள் தாள் மயிரிழை விலகினாலும் மிச்ச ஆவி பக்கத்தில் படிந்துவிடும். வெப்பம் தாங்கும் நாடாவால் தாளைப் பிணையுங்கள். எடுக்கும்போது ஒரே வீச்சில் உரித்துவிடுங்கள்.

மறுமொழி 2:
திட்டுகளுக்கு நான் ஈரத்தையே சந்தேகிப்பேன். தாளின் ஈரம் நீராவியாகி இடையில் நின்றால் மை சீராக இறங்காது. ஆகவே தாளைச் சில நொடிகள் முன்கூட்டியே சூடாக்கி உலர்த்துங்கள். காற்று முழுவதும் உறிஞ்சப்பட்டால், வெளிக்காற்றே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ வீதம், தாளை மூடும் இயந்திரச் சவ்வை எங்கும் ஒரே அளவில் அழுத்தும் என்பதால், காற்று புகாமல் அடைக்கும் ஓரத்து ரப்பரில் கசிவு உண்டா என்பதையும் அவசியம் பாருங்கள்.

கேட்டவர்:
ரப்பரின் ஒரு மூலையில் நகக்கண் அளவு வெடிப்பு இருந்தது. அதை மாற்றி, தாளையும் உலர்த்தியபின் ஓரத்து எழுத்துகள் கூர்மையாக வந்துள்ளன. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.