கூட்டமான இடங்களுக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான நெட்வொர்க் சாத்தியமா?

அலைவரிசை:
கூட்டம் நிறைந்த இடத்தில் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு போட்டோ போக மாட்டேன் என்கிறது. அதே தெருவில் மூன்று நான்கு நிறுவனங்கள் தனித்தனியாக ஆன்டெனா வைத்திருக்கின்றன. யாராவது ஒருவர் பொதுவாக வைத்து எல்லா சிம்முக்கும் கொடுக்க முடியாதா? தடை தொழில்நுட்பமா, போட்டியா?

கோபுரத்தடி:
முடியும். லண்டன் சுரங்க ரயிலில் அப்படித்தான், ஒரே நிறுவனம் அமைத்ததை மற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள். நியூட்ரல் ஹோஸ்ட் என்பார்கள். 4ஜியில் ஒரு செல் (போன் இல்லை, ஒரு ஆன்டெனாவும் அது சேவை தரும் பகுதியும்) 6 நிறுவனங்களின் அடையாள எண்கள் வரை அறிவிக்கலாம், 5ஜியில் 12, போனில் உங்கள் நிறுவனத்தின் பெயரே தெரியும். போனில் தெரியும் கோடுகள் சிக்னலின் பலத்தை மட்டும்தான் சொல்லும், அந்த செல்லில் எத்தனை பேர் முட்டிமோதுகிறார்கள் என்று சொல்லாது. அதனால் ஆன்டெனாவை மட்டும் பகிர்ந்தால் செலவுதான் குறையும். மோக்கன் (MOCN) என்ற பகிர்வு முறையில் அலைக்கற்றையையும் சேர்த்துப் பகிரும்போதுதான் ஒரு நிறுவனத்தில் சும்மா கிடக்கும் இடம் இன்னொன்றின் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும், நீங்கள் கேட்கும் பலன் அதில்தான் இருக்கிறது.

ஃபைபர்காரன்:
ஓப்பன் ரேன் (வெவ்வேறு கம்பெனிக் கருவிகளைக் கலந்து நெட்வொர்க் அமைக்கும் முறை) என்பதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 2018-இல் தொடங்கிய ஓ-ரேன் கூட்டமைப்பு செய்வது, ஒரு கம்பெனியின் ரேடியோவும் இன்னொரு கம்பெனியின் பேஸ்பேண்டும் (சிக்னலைக் கையாளும் கணினிப் பகுதி) சேர்ந்து வேலை செய்ய வழிவகுப்பது. பகிர்வதற்கு அது கட்டாயம் இல்லை. உண்மையான தலைவலி தெருவில் இருக்கிறது: ஒவ்வொரு சின்ன செல்லுக்கும் கம்பம், மின்சாரம், ஃபைபர், அனுமதி எல்லாம் வேண்டும். நகராட்சி கம்பங்களை எல்லோருக்கும் ஒரே விதிமுறையில் திறந்து விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அலைவரிசை:
சரி, அப்படியானால் ஊர் முழுக்க ஒரே நெட்வொர்க் போட்டால் என்ன?

கோபுரத்தடி:
அதை நான் ஆதரிக்க மாட்டேன். மெக்சிகோவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 90 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கி 2018-இல் மற்ற நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கும் நாடு தழுவிய நெட்வொர்க் தொடங்கினார்கள், 2021-இல் அதை நடத்திய நிறுவனம் கடன் சுமையில் நீதிமன்றம் போனது. அப்புறம், ஒரே நெட்வொர்க் என்றால் அது விழும்போது எல்லோருக்கும் விழும், அவசர அழைப்பு உட்பட. வெளியே தனித்தனியாக இருக்கட்டும். ரயில் நிலையம், மைதானம், சந்தை, பெரிய கட்டடத்தின் உள்பகுதி, இங்கெல்லாம் பகிரட்டும். அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை பகிர்வு முறையில் திறந்திருப்பதால், கட்டட உரிமையாளரே அலைக்கற்றையை ஏலம் எடுக்காமல் செல் அமைத்து, நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு இணைக்கலாம். இது மாதிரி மற்ற இடங்களிலும் வர வேண்டும்.