டச்சு ஆங்கிள்: 'ஒருக்களிப்புக் கோணம்' எனலாமா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி, காட்சி சரிந்து தெரியுமாறு படமெடுக்கும் உத்தியான டச்சு ஆங்கிளுக்கு (Dutch angle) நம் குழுமத்தில் இதுவரை தமிழ்ச் சொற்களாக முன்வைக்கப்பட்ட 'டச்சுக் கோணம்', 'சாய்கோணம்', 'பதற்றக் கோணம்' ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தபின், 'ஒருக்களிப்புக் கோணம்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

முதற்சொல்லில் உள்ள 'டச்சு' நெதர்லாந்தைக் குறிப்பதன்று. ஜெர்மானியர் தம்மைச் சுட்டும் 'டாய்ச்' என்பதன் திரிபு என்றே பொதுவாக விளக்கப்படுகிறது. அந்தத் திரிபைத் தமிழிலும் சுமக்க வேண்டியதில்லை.

'சாய்கோணம்' எளிய சொல்தான். ஆயினும் கேமராவை மேலும் கீழும் திருப்பும் டில்ட்டுக்கும் 'சாய்த்தல்' என்றே சொல்ல நேரும். அண்ணாந்து பார்க்கும் தாழ்கோணமும் குனிந்து பார்க்கும் உயர்கோணமும் பெரும்பாலும் அப்படிச் சாய்த்தே பெறப்படுகின்றன. டச்சு ஆங்கிளில் நிகழ்வது வேறு. லென்ஸ் நோக்கும் திசை சிறிதும் மாறாமல், அந்தத் திசையையே அச்சாகக் கொண்டு கேமரா பக்கவாட்டில் திரும்புகிறது. மல்லாந்து படுத்திருப்பவர் ஒருக்களிக்கும்போது, தலைமாடும் கால்மாடும் மாறாமலிருக்க உடல் மட்டும் ஒருபக்கமாகத் திரும்புவதைப் போன்றது இது.

உணர்ச்சியைக் கடத்துவதிலும் இந்த வேறுபாடு பெரிது. தாழ்கோணம் ஒருவரை ஓங்கியவராகவும் உயர்கோணம் ஒடுங்கியவராகவும் காட்டக்கூடும். ஒருக்களித்த சட்டகத்திலோ குலைவது அவர் நிற்கும் உலகின் சமநிலை. தொடுவானமும் தூண்களும் கதவுகளும் சட்டகத்தின் விளிம்புகளுக்கு இணையாகவே இருக்கும் என்று பழகிய கண், அந்த இணைவு கெட்டதும் காரணம் புரியாமலே அமைதியிழக்கிறது. கரோல் ரீட் இயக்கிய 'த தேர்ட் மேன்' (1949) திரைப்படத்தில், போருக்குப் பிந்தைய வியன்னாவுக்கு வந்து, யாரை நம்புவதென்று தெரியாமல் அலையும் அயலவனின் தத்தளிப்பை இத்தகைய ஷாட்டுகளே நம்மையும் உணரச் செய்கின்றன.

அப்படியானால் 'பதற்றக் கோணம்' பொருந்தாதா என்று கேட்கலாம். அது விளைவைப் பெயராக்கிவிடுகிறது. போதையையும் கொண்டாட்டத்தின் துள்ளலையும் காட்ட இதே உத்தி பயன்படும்போது அந்தப் பெயர் தடையாக நிற்கும். கேமரா செய்யும் செயலுக்கே பெயர் வேண்டும். எந்த உணர்ச்சிக்காக என்பது இயக்குநரின் முடிவு.

வினையாகவும் வழங்க முடிவது 'ஒருக்களிப்பு' என்ற சொல்லின் மற்றொரு வசதி. ஓரிரு பாகை மட்டும் திரும்பினால் முக்காலி சரியாக நிறுத்தப்படவில்லை என்றே பார்வையாளருக்குத் தோன்றக்கூடும் என்பதால், படப்பிடிப்பில் அளவையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. '15 பாகை ஒருக்களிப்பு', 'ஒருக்களித்த அண்மைக் காட்சி', 'அவள் கடிதத்தைப் படிக்கப் படிக்கக் கேமரா மெல்ல ஒருக்களிக்கட்டும்' என்றெல்லாம் தடையின்றிச் சொல்லலாம்.

சொல் நீளம் என்று கருதுவோர் 'ஒருக்களி கோணம்' என வினைத்தொகையாக்கலாம். கலைச்சொல் பட்டியலில் அதையே முதன்மை வடிவமாகக் கொள்ளவும் எனக்கு உடன்பாடே. ஒளிப்பதிவு கற்பிக்கும் நண்பர்கள் இவ்விரு வடிவங்களில் எது வகுப்பில் இயல்பாக ஒலிக்கிறது என்று தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.