மரத்தடியில் வருடத்துக்கு ஒரு பூசை: ஈம் கிராமம்போல நாமும் செய்யலாமா?

மாங்குளத்தான்:
அக்கா இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருக்கிறா. போன ஓகஸ்ட் கடைசி ஞாயிறு பக்கத்தில் ஈம் என்ற கிராமத்துக்குப் போய்ப் படம் அனுப்பினா. ஊருக்குள் நல்ல கல்லுக் கோவில் இருக்க, சனமெல்லாம் ஊர்வலமாக ஒரு பள்ளத்துக்கு இறங்கிப் போய்ப் புல்லில் இருந்து ஆராதனை செய்கிறது. வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அப்படியாம். எனக்கு உடனே 2008 கடைசியில் இடம்பெயர்ந்து போகும் வழியில் பாலைமரத்தடியில் கண்ட பூசை ஞாபகம் வந்தது, மேலே தறப்பாள், ரங்குப்பெட்டிதான் பீடம். அந்த மரம் இன்னும் நிற்கிறது. வருடம் ஒருமுறை அங்கே பூசை வைப்போமா என்று பங்கில் கேட்டேன். கோவிலுக்கு ஓடு போட்டாச்சு, பிறகு ஏன் வெயிலில் என்கிறார்கள். ஈம் ஆட்கள் ஏன் வெளியே போகிறார்கள், யாருக்காவது தெரியுமா?

குளக்கட்டு:
அது கொள்ளைநோய் ஞாயிறு, தம்பி. 1665 செப்டெம்பரில் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்கு வந்த துணிப் பொதியோடு நோய் வந்தது என்பார்கள். அடுத்த வருடம் ஜூனில் குருவானவர் வில்லியம் மொம்பெசனும், முன்பு அங்கே குருவாக இருந்த தோமஸ் ஸ்டான்லியும் சனத்தோடு பேசி, நோய் அயலூருக்குப் பரவக் கூடாதென்று ஒருவரும் ஊரைவிட்டு வெளியேறாமல் இருக்க முடிவெடுத்தார்கள். கோவிலையும் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற அந்தப் பள்ளத்தில் குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நின்றுதான் ஆராதனை. 260 பேரளவில் செத்தார்கள். எலிசபெத் ஹன்கொக் என்ற தாய் எட்டு நாளுக்குள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தா. மொம்பெசனின் மனைவியும் தப்பவில்லை.

வவுனியா வடக்கு:
இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தாங்களாகவே ஊரைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்கள், நாங்கள் இருக்க முடியாமல் ஓடியவர்கள். ஆனால் காசு வழியாக நோய் தொற்றக் கூடாதென்று எல்லைக் கல்லின் குழிகளில் வினாகிரி ஊற்றி, அதற்குள் காசைப் போட்டுவிட்டு, வெளியூரார் வைத்துப்போன சாமானை எடுத்தார்கள் என்று வாசித்தபோது அழுகை வந்தது. பூசை வையுங்கள், நானும் வருவேன்.

மடுவடி:
ஓடு போட்டாச்சு என்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். ஈமில் அந்த நினைவு ஆராதனை தொடங்கியதே இருநூறாம் ஆண்டை ஒட்டி, 1866 இல்தான். நோயைக் கண்ட ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை. எங்களுக்கு மரமும் நிற்கிறது, அதன் கீழ் முழந்தாளிட்ட சனமும் இருக்கிறது. நாள் மட்டும் பார்த்து வையுங்கள்: மடு ஆவணித் திருவிழா முடிந்து, ஐப்பசி மழைக்கு முன்னால். காணிக்காரரிடமும் முதலே கேளுங்கள்.

மாங்குளத்தான்:
நன்றி எல்லோருக்கும். புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்று சுவாமியிடம் கேட்கப் போகிறேன். அன்று ரங்குப்பெட்டி தந்த அம்மா இப்போது தர்மபுரத்தில் இருக்கிறா. பெட்டி இன்னும் இருக்கிறதா என்று நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.