ஸ்பீட்லைட் வாங்கியாச்சு, எந்தப் பொத்தானை எப்போது தொடுவது?

தனி ஃப்ளாஷ் வாங்கினால் கூடவே ஒரு கையேடு வரும். ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்யும் என்று அதில் இருக்கும். எதை எப்போது தொட வேண்டும் என்பது இருக்காது. என்னுடையது கேமராவின் தலையில் இருக்கும் ஹாட் ஷூ என்ற பிடிப்பில் மாட்டி, நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும் சாதாரண ஸ்பீட்லைட்தான்.

மோட் பொத்தானை அழுத்தினால் டிடிஎல், எம், மல்டி என்று மாறும். மல்டி, ஒரே படத்துக்குள் பல முறை மின்ன வைக்கும் வித்தை. இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

டிடிஎல்லில் ஃப்ளாஷ் முதலில் லேசாக ஒரு முறை மின்னும். லென்ஸ் வழியே திரும்பி வரும் அந்த வெளிச்சத்தைக் கேமரா அளந்து, எவ்வளவு பவர் வேண்டும் என்று தானே முடிவு செய்யும். சொந்தக்காரர் கல்யாணத்தில் இதை நம்பித்தான் இறங்கினேன். முகூர்த்தத்தில் மாப்பிள்ளை வெள்ளைப் பட்டு வேட்டி சட்டையில் இருந்தார், படங்கள் இருட்டடித்தன. வரவேற்பில் அதே ஆள் கறுப்புக் கோட்டில் வந்து நின்றார், முகம் வெளிறிப்போனது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது மீட்டரின் சுபாவம். பிளஸ், மைனஸ் போட்ட பொத்தான் இருப்பது அதற்காகத்தான். வெள்ளை உடைக்குப் பிளஸ் பக்கம், கறுப்புக்கு மைனஸ் பக்கம்.

ஆனால் எனக்கு ஃப்ளாஷ் உண்மையில் பிடிபட்டது, பவரை நாமே வைக்கும் எம் (மேனுவல்) மோடில்தான். அதில் 1/1 என்றால் முழு பவர். 1/2, 1/4 என்று இறங்க இறங்க ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகும். வீட்டில் யாரையாவது சுவரிலிருந்து தள்ளி உட்காரவைத்து, பவரையும் அப்பர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு) தொடாமல் ஷட்டர் வேகத்தை மட்டும் 1/200 நொடியிலிருந்து 1/30 நொடிக்கு இறக்கிப் பாருங்கள். முகத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், பின்னால் டியூப்லைட் வெளிச்சம் மட்டும் ஏறும். ஃப்ளாஷ் கண்சிமிட்டும் நேரத்தில் மின்னி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் ஷட்டர் திறந்திருப்பதால் சேருவது அறை வெளிச்சம்தான். கல்யாண மேடையில் பின்னாலிருக்கும் சீரியல் செட் படத்தில் தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதை நான் இப்போது ஷட்டரில்தான் முடிவு செய்கிறேன்.

ஷட்டரை ஏற்றும்போது ஒரு வரம்பு உண்டு. பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் சிங்க்) என்ற மோடைப் போட்டால் பட்டை போய்விடும், ஆனால் பவர் நன்றாகவே குறையும். வெயிலில் முகத்துக்கு அருகே வைத்து எடுக்கத்தான் அது சரி.

அப்புறம் எஸ்1, எஸ்2. ஃப்ளாஷை ஸ்டாண்டில் தள்ளி வைத்து, இன்னொரு ஃப்ளாஷைப் பார்த்து மின்ன வைக்கும் மோடுகள். எஸ்1 முதல் மின்னலுக்கே மின்னிவிடும். எஸ்2 டிடிஎல்லின் அந்த முன் மின்னலை விட்டுவிட்டு, அடுத்ததற்கு மின்னும். மண்டபத்தில் இரண்டுமே தொல்லை. யார் ஃப்ளாஷ் அடித்தாலும் நம்முடையது பதில் சொல்லிக்கொண்டிருக்கும், பேட்டரி காலி. அதனால் ரேடியோ அலை அனுப்பி ஃப்ளாஷை மின்ன வைக்கும் ரேடியோ ட்ரிக்கருக்கு மாறினேன். அங்கேயும் பெண் வீட்டுப் போட்டோகிராஃபர் கையில் அதே பிராண்டு, அதே சேனல். அவர் ஷட்டரை அமுக்கும்போதெல்லாம் என் ஃப்ளாஷ் மின்னியது. "தம்பி, நீங்க ஏழுல வச்சுக்குங்க, நான் ஒண்ணுலயே இருக்கேன்" என்றார் அவர். அதற்குப் பிறகு அன்று தகராறு இல்லை.