புதுப்பிப்பு: அப்பாவுக்கு மீன் கொடுக்கலாமா?

அப்பாவுக்கு கிட்னி பாதிப்பு நாலாம் நிலை, டயாலிசிஸ் இல்லை, மீனை அடியோடு நிறுத்தணுமா என்று போன மாசம் கேட்டிருந்தேன். டயட்டீஷியனைப் பார்த்தாச்சு. நிறுத்த வேண்டாமாம், அளவுதான்.

கிலோவுக்கு 0.8 கிராம் கணக்கில், 60 கிலோ அப்பாவுக்கு நாளைக்கு 48 கிராம் புரதம். 100 கிராம் மீனிலேயே 20 கிராம் போயிடும். அதனால் சின்னத் துண்டு ஒண்ணு. அன்னைக்கு முட்டை கிடையாது, பருப்பும் பேருக்குத்தான்.

மீனைவிட குழம்புதான் வில்லங்கம். புளி, தக்காளி, தேங்காய்ப்பால் எல்லாத்துலயும் பொட்டாசியம். அவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே 5.4, அதுவே அதிகம். இப்போ சங்கராவை மிளகு, பூண்டு தடவி, நாலு சொட்டு எலுமிச்சை விட்டு தோசைக்கல்லில் வாட்டுறோம். உப்பு ஒரு சிட்டிகை. கடையில் விற்கிற 'லோ சோடியம்' உப்பு பக்கம் போகாதீங்க, அதில் சேர்ப்பதே பொட்டாசியம்தான்.

முள்ளோடு மெல்லும் நெத்தோலியில் பாஸ்பரஸ் அதிகம். கருவாடு உப்புக்காகவே அவுட். (அப்பா அன்னைக்கு என்கூடப் பேசவே இல்லை.)

கெண்டை மீன் பித்தப்பையை மருந்தா விழுங்கச் சொன்னவருக்கு: ஐயா, அது நல்லா இருக்கிற கிட்னியையே செயலிழக்க வைக்கும். யாருக்கும் சொல்லாதீங்க.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புரதம் கூடுதலா வேணும், அவங்க கணக்கே வேற. அடுத்த ரத்தப் பரிசோதனை வந்ததும் எழுதுறேன்.