குகேஷின் 14ஆவது ஆட்டம்: ஓப்பனிங்கை விளக்க உதவி வேண்டும்

வணக்கம். கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் டிங் லிரனும் (வெள்ளை) குகேஷும் (கறுப்பு) ஆடிய கடைசி ஆட்டத்தைப் பலகையில் ஒவ்வொரு நகர்வாக வைத்துப் பார்க்கிறோம். 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தது ஏன் தவறு என்பது பிள்ளைகளுக்கே புரிந்துவிட்டது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் பிஷப்பை டி5-இல் வைக்கிறார், மூலையில் மாட்டிய வெள்ளை பிஷப்புக்குத் தப்ப வழியில்லை, பிஷப்புகளும் வெட்டுப்பட்டு மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே உள்ள கணக்குதான். அருமையான முடிவு!

சிக்கல் ஓப்பனிங்கில்தான், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளில். தலைகீழ் கிரூன்ஃபெல்ட் வகை: வழக்கமாகக் கறுப்பு ஆடும் கிரூன்ஃபெல்ட் அமைப்பை இங்கே வெள்ளை ஆடுகிறது. 9ஆவது நகர்வில் கறுப்பு சிப்பாயை டி4-க்குத் தள்ளுகிறது, வெள்ளை உடனே இ3 ஆடுகிறது. டி4 சிப்பாய் சி3 கட்டத்தைக் குறிவைப்பதால் வெள்ளைக் குதிரைக்கு அங்கே இடமில்லை என்பது வரை சொல்லிவிட்டேன். சரி, வெள்ளை இ3-க்குப் பதிலாகக் குதிரையை டி2-க்கு எடுத்துவிட்டு நிதானமாக ஆடினால் என்ன கெடும்? எஞ்சின் (சதுரங்கக் கணினி நிரல்) யார் மேல் என்பதை வெறும் எண்ணாகக் காட்டுகிறது, பிள்ளைகள் காரணம் கேட்கிறார்கள்.

இந்த ஓப்பனிங்கை ஆடுபவர்கள் சில வரிகளில் விளக்க முடியுமா? மழை பிடித்தால் இங்கே நெட் போய்விடும், வீடியோவைவிட எழுத்தாக இருந்தால் அச்செடுத்துக் கொடுப்பேன். அப்புறம், குன்னூர், ஊட்டி பக்கம் ரேட்டிங் (போட்டிகளில் பெறும் தரப் புள்ளி) உள்ளவர்கள் யாராவது ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளைகளோடு உட்கார முடிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.